தூண்டிவிட்டவன் நான்தான்

ஆமாம் அம்மா, அந்தப் பிள்ளைக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஆ. ஞானசிகாமணி. முன்னாள் தலைவர், நேசபுரம் உப்பளத் தொழிலாளர் சங்கம். ‘முன்னாள்’ என்பதை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் இப்போது இருப்பவர்களுக்குக் கோபம் வரும். குற்றச்சாட்டு: பாலர் வகுப்புப் பிள்ளைகளைத் தூண்டிவிட்டது. பதில்: ஆமாம். எழுதியாகிவிட்டதா? என்னை விசாரிக்க வந்தவர்களிலேயே இவ்வளவு சீக்கிரம் வேலை முடிந்தவர் நீங்கள்தான். போலீஸ்காரர்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆகும்.

இனி நான் சொல்வது எழுதுவதற்கு அல்ல. திருமண்டல அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், பாலர் ஊழியத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சபைப் போதகர் ஐயர் சொன்னார். பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருக்கிறது. உட்காருங்கள். பாய் ஏன் விரித்திருக்கிறது என்று பார்க்கிறீர்களா? விசாரணை முடியும்வரை நான் வகுப்பு எடுக்கக் கூடாது என்றுதான் உத்தரவு. பாய் விரிக்கக் கூடாது என்று உத்தரவில் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த வகுப்பு எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. கடற்கரை மைதானம் நிறையக் கூட்டம் கூடிப் பேசியவன் நான். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு என்ன தலைவிதி? கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்து பல வருடம் ஆகிறது. யார் பக்கம் முறிந்தது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. அது தனி விஷயம்.

பிறகு எப்படி இந்தப் பாய்க்கு வந்து சேர்ந்தேன்? அதுதான் வேடிக்கை.

என் வீடு கோயிலின் பின்மதிலை ஒட்டி இருக்கிறது. ஞாயிறு காலையில் சுகிர்தம் டீச்சர் பாலர் வகுப்பு எடுப்பது எங்கள் அடுக்களை வரை கேட்கும். குரல் அப்படி. ஒரு நாள் ஜலப்பிரளயம் நடத்திக்கொண்டிருந்தார். “சிரிச்சாம்லா? பேழையப் பாத்து சிரிச்சாம்லா? இப்ப அவன் கழுத்து வரைக்கும் தண்ணி. கதவத் தட்டுதான். திறக்குமா? திறக்காது!” ஒரு பிள்ளை ஓவென்று அழுதது. எனக்கு இரத்தம் கொதித்துவிட்டது. உடனே உட்கார்ந்து எழுதினேன். ‘பச்சிளம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் போக்கைக் கைவிடு!’ ரோஸ் நிறத் தாளில் அச்சடித்து, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் நின்று என் கையாலேயே கொடுத்தேன்.

சபையார் என்ன செய்தார்கள்? விசிறிக்கொண்டார்கள். சுகிர்தம் டீச்சர் நேராக என்னிடம் வந்து மிச்சம் இருந்த கட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். “பின்பக்கம் வெறுமையாத்தான இருக்கு அண்ணாச்சி? பிள்ளைக படம் வரையட்டும்.” அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், என் கண்டன அறிக்கையின் முதுகிலெல்லாம் பேழை. ஒட்டகம், யானை, இன்னதென்று சொல்ல முடியாத சில ஜீவன்கள். அழுத பிள்ளையும் ஒன்று வரைந்திருந்தது. அதில் நோவாவுக்கு மூக்குக் கண்ணாடி.

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் பிரசவம் என்று டீச்சர் புறப்பட்டுப் போனார். பாலர் வகுப்புக்கு ஆள் இல்லை. ஐயர் என் வீட்டுக்கு வந்தார். இந்த ஐயர் சின்ன வயதுக்காரர். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

“அண்ணாச்சி, உங்க நோட்டீஸ் படிச்சேன். கமிட்டியில பேசினோம். உங்க கோரிக்கைய சபை ஏத்துக்கிட்டு.”

“ஏத்துக்கிட்டுன்னா?”

“பிள்ளைகளப் பயமுறுத்தக் கூடாது. சரிதான். எப்படி நடத்தணும்னு நீங்களே வந்து நடத்திக் காட்டுங்க. வார ஞாயிறுல இருந்து.”

எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவன் நான். கதவை அடைத்தவன் உண்டு, அடியாள் வைத்தவன் உண்டு, மாலை போட்டு விலை பேசியவன் உண்டு. கோரிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டு ஆளைச் சாய்க்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் நூறு வழி உண்டு. சம்மதித்தால் என்ன செய்வது என்று எந்தச் சங்கத்திலும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

வந்தேன். முதல் நாள், ஆதாம் ஏவாளை வைத்துத் தொடங்கலாம் என்று எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்பார்ந்த குழந்தைகளே!” என்றேன். ஆசேர் என்று ஒரு பொடியன். ஐந்து வயது, முன்வரிசை. காதைப் பொத்திக்கொண்டு கேட்டான்: “தாத்தா, யார ஏசுதீங்க?”

அவனுக்குப் பக்கத்தில் ரூபின். அவனுக்கு ஏழு நடக்கிறது, பாலர் வகுப்பில் அவன்தான் மூப்பு. “முதல்ல ஜெபம் பண்ணணும் தாத்தா. டீச்சர் ஜெபம் பண்ணிட்டுத்தான் கத சொல்லுவாங்க.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது என்று அவனிடம் சொல்ல முடியுமா? தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்வது ஜனநாயகம் அல்ல என்று விளக்கிவிட்டு, முறைவைத்து நீங்களே பண்ணுங்கள் என்றேன். மாட்டிக்கொண்டவனின் தந்திரம் என்று நினைப்பீர்கள். இல்லை, அது ஒரு கல்வி முறை. பிறகு நான் அதை மாற்றவே இல்லை.

ஆனால் அந்த ஜெபங்கள் இருக்கின்றனவே! ரூபின் பண்ணுவான்: “இயேசப்பா, எங்க ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் நிக்கணும். ஆமென்.” அவ்வளவுதான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. ஆசேர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “இயேசப்பா, சிகாமணி தாத்தாவுக்குப் பல்லு முளைக்கணும்” என்றான். எனக்கு மேல்வரிசையில் பல் கிடையாது. லாக்கப்பில் போனது பாதி, தானாகப் போனது பாதி. அடுத்த ஞாயிறு அவன் செய்த முதல் வேலை, என் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தது. “இன்னும் வரல” என்று மற்றவர்களுக்கு அறிவித்தான். கொஞ்சமும் கவலை இல்லை. “அடுத்த வாரம் வரும்.” அதற்கு அடுத்த வாரமும் பார்த்தான். ஒவ்வொரு வாரமும் பார்த்தான்.

தூத்துக்குடிக்குப் போய்ப் பல்செட் கட்டிக்கொண்டேன். முறுக்கு கடிக்க முடியவில்லை என்று ரொம்ப நாளாகவே நினைத்திருந்ததுதான். அந்தப் பயலுக்காக அல்ல. ஆனால் அவன் பார்த்துவிட்டு, “அல்லேலூயா! பாத்தீங்களா, நான் சொன்னேம்லா?” என்று வகுப்பையே எழுப்பிவிட்டான். பல் டாக்டர் வைத்த பல் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவியல் விளக்கத்துக்கு அது சமயம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெமிமா.

ஆறு வயது. ஒவ்வொரு வாரமும் தாமதம். எனக்குக் கூட்டம் என்றால் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கம். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தச் சொல்லிவிடுவேன். அந்தப் பிள்ளை வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றே கதை கேட்கும். ஒரு நாள் கேட்டேன்.

“ஏம்ட்டி எப்பவும் லேட்டு?”

“அம்மா அளத்துல இருந்து வந்துதான் தாத்தா தல சீவி விடுவா.”

“பொய் சொல்லாத. ஞாயித்துக்கிழம அளம் கிடையாது. அந்த லீவ வாங்கிக் கொடுத்ததே நான்தான். உங்க ஆச்சிட்ட கேளு.”

அது கொஞ்சம் யோசித்தது. “எங்க அம்மாட்ட சொல்லுங்க தாத்தா. அவளுக்குத் தெரியல” என்றது.

அந்த ஞாயிற்று விடுமுறைக்காக நாங்கள் எத்தனை நாள் பட்டினி கிடந்தோம் என்பது இப்போது இருக்கிற சங்கத்துக்காரர்களுக்குத் தெரியாது. சங்கத்துக்குப் பொன்விழா என்று கொண்டாடினார்கள். என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு போட்டு உட்கார வைத்தார்கள். மைக் தரவில்லை. ‘நேரமின்மை காரணமாக’ என்றார்கள். என் ஆயுசில் பாதி அந்த உப்பில் கரைந்திருக்கிறது, எனக்கு நேரமின்மை. இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் அளத்துக்கே போனேன். பொன்னுத்துரையின் அளம். பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஜெமிமாவின் அம்மா லீதியாள் என்னைப் பார்த்ததும் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணாச்சி, போயிருங்க. உங்ககூட நின்னு பேசுதத கணக்கப்பிள்ள பாத்தாம்னா நாளைக்கு எனக்கு வேல கிடையாது.”

“ஞாயித்துக்கிழம லீவு வாங்கிக் கொடுத்தோமே பிள்ள!”

“வாங்கித்தான் கொடுத்தீங்க. நாங்க வித்துத் தின்னுட்டோம். போங்க அண்ணாச்சி.”

திரும்பி வந்தேன். அன்றைக்கு வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கதவை மட்டும் சாத்தச் சொல்லவில்லை.

இந்தப் பொன்னுத்துரை யார் தெரியுமா? அளத்து முதலாளி என்பது ஒன்று. உங்கள் சபையின் சேகரக் கமிட்டிச் செயலாளர் என்பது இன்னொன்று. ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்காருகிறவர். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அளத்தில் உப்பு குவிந்துகொண்டிருக்கும். நான் நோட்டீஸ் போட்டிருக்கலாம். சபையார் மறுபடியும் விசிறிக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் பாலர் ஞாயிறு வந்தது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு ஒரு நாள் கோயில் பிள்ளைகள் கையில். வேதம் வாசிப்பது அவர்கள், பாட்டு அவர்கள், பிரசங்கத்துக்குப் பதில் அவர்களுடைய நாடகம். முதல் வரிசை எழுந்து போக முடியாது.

திராட்சத்தோட்ட உவமையை எடுத்தேன். காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் வீட்டெஜமான் ஒரே கூலி கொடுக்கிற கதை. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒத்துவராத கதை அது. காலையில் வந்தவர்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் அந்த உவமை வேறு மாதிரி முடிந்திருக்கும். நான் வேறு மாதிரிதான் முடித்தேன். கூலிக்குப் பதில் ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய். காலையில் வந்தவர்கள் அதை வாங்க மறுத்து, கையை நீட்டிக் கோஷம் போட வேண்டும்: ‘வெயிலைச் சுமந்தது யார்? உப்பை விற்றது யார்?’ திராட்சத்தோட்டத்தில் உப்பு எங்கே வந்தது என்று ஐயர் கேட்டார். உவமை என்றாலே அப்படித்தான் ஐயா என்றேன். விரலை முதல் வரிசையைப் பார்த்து நீட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

ஒத்திகையில்தான் தகராறு. ஒருவனும் காலையில் வரத் தயாராக இல்லை.

ரூபின் சொன்னான்: “எனக்கு அஞ்சு மணி ஆளு வேணும் தாத்தா.”

“ஏம்ல?”

“காலையில வாறவன் ரொம்ப நேரம் நிக்கணும். கோஷம் வேற போடணும். முட்டாயும் திங்கக் கூடாதுங்கீங்க. அஞ்சு மணிக்கு வாறவன் சும்மா வந்து முட்டாய வாங்கித் தின்னுட்டுப் போயிரலாம்லா?”

சுரண்டல் என்றால் என்ன என்று விளக்கினேன். உழைப்பின் மதிப்பு என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு வாக்கெடுப்புக்கு விட்டேன். எல்லோரும் ஐந்து மணி. ஏகமனதாக. வேறு வழியில்லாமல் நானே ஆள் பிரித்து, நீ காலை, நீ மத்தியானம் என்று உத்தரவு போட்டேன். ஆசேர் வீட்டெஜமான். என் சிவப்புத் துண்டுதான் அவனுக்குத் தலைப்பாகை. மேடையில் வைக்க ஒரு நிஜமான உப்பு வாரும் பலகையும் கொண்டுவந்திருந்தேன். ஜெமிமா எப்படியும் தாமதமாகத்தான் வரும் என்பதால் அதற்கு ஐந்து மணி வேடம்.

பாலர் ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்திருந்தது. நான் பக்கவாட்டுக் கதவருகே ஒளிந்து நின்றேன். ஆசேர் தலைப்பாகையோடு மைக் முன்னால் வந்தான். “வேலைக்கு யாராச்சும் வாறீங்களா?” என்று கூப்பிட்டான்.

ஒருவனும் அசையவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டான். எல்லாப் பிள்ளைகளும் பிரசங்க பீடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரூபின் ரகசியமாகச் சொன்னான், அதை மைக் பிடித்துக் கோயில் முழுக்கக் கொடுத்துவிட்டது: “போலே, நாங்க அஞ்சு மணிக்குத்தான் வருவோம்.”

சபை சிரித்தது பாருங்கள்! என் அனுபவத்தில் அப்படி ஒரு முழு வேலைநிறுத்தத்தை நான் கண்டதில்லை. ஒரு கருங்காலி கிடையாது. தலைவனுக்கே தெரியாமல் நடந்த வேலைநிறுத்தம், தலைவனுக்கு எதிராகவே நடந்த வேலைநிறுத்தம். கதவுக்குப் பின்னாலிருந்து ‘எழுந்திருங்கலே, காலை ஆளுக எழுந்திருங்கலே’ என்று கையை ஆட்டினேன். ரூபின் எனக்கும் கையை ஆட்டினான்.

ஆசேருக்கு உதடு பிதுங்கிவிட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. அவன் எஜமான், தோட்டம் இருக்கிறது, வேலை நடக்க வேண்டும். கிடுகிடுவென்று படியிறங்கி முதல் வரிசைக்குப் போனான். பொன்னுத்துரையின் கையைப் பிடித்தான். “மாமா, நீங்க வாறீங்களா?”

பட்டு வேட்டி, மடிப்புக் கலையாத ஜிப்பா. சபை முழுக்கப் பார்க்கிறது. குழந்தை கையைப் பிடித்து இழுக்கிறது. எழுந்துதான் ஆக வேண்டும். சிரித்துக்கொண்டேதான் வந்தார், பொய் சொல்ல மாட்டேன். ஆசேர் அந்தப் பலகையை இழுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தான். “வேல செய்ங்க.”

அவர் அதைத் துடைப்பத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்தார். தன் அளத்தில் எத்தனை பாத்தி என்று தெரியும், பலகையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் என்னைத் தாண்டி ஜெமிமா உள்ளே ஓடியது. ஈரத்தலை. தானே பின்னிக்கொண்டதுபோல ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது. மேலே ஏறி அவரைப் பார்த்துவிட்டு நின்றது.

“அப்படிப் பிடிக்கக் கூடாது மாமா. கை கிழிஞ்சிரும். எங்க அம்மா இப்படித்தான் பிடிப்பா.” அவர் கைகளை எடுத்து மாற்றி வைத்தது.

அவர் சிரித்த முகத்தோடேயே கேட்டார்: “உங்க அம்மா எங்க பிள்ள? கோயிலுக்கு வரலியா?”

“உங்க அளத்துலதான் மாமா இருக்கா. அதான் நான் லேட்டு.”

மைக் பக்கத்தில்தான் இருந்தது.

விசிறிச் சத்தம் கேட்டது அம்மா, மேலே சுற்றுகிற விசிறிச் சத்தம். பொன்னுத்துரை பலகையைப் பிடித்தபடி நின்றார். அவர் பெண்சாதி முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். ஆசேருக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தது என்று முடிவு செய்து, பொன்னுத்துரையின் சட்டைப்பையில் ஒரு கடலைமிட்டாயைப் போட்டான். அவ்வளவுதான், “அஞ்சு மணி ஆயிட்டு!” என்று ரூபின் கத்த, அத்தனை பேரும் எழுந்து பாய்ந்தார்கள். மிட்டாய்த் தட்டு கவிழ்ந்தது. ஆராதனை முடிந்தது.

என் கோஷத்தை யாரும் போடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். பொன்னுத்துரை நிதானமாகத்தான் பேசினார். “ஆறு வயசுப் பிள்ளைக்கு இது தன்னால வராது. நாடகத்த வெச்சு என்னய சபை நடுவுல நிறுத்தியாச்சு. யாரு சொல்லிக் கொடுத்தான்னு தெரியணும்.” ஒரு மூலையிலிருந்து ஒருவர் சொன்னார்: “அவ ஆத்தாதான் சொல்லிக் கொடுத்திருப்பா. வேற யாரு?” பொன்னுத்துரை அந்த மூலையைப் பார்த்தார். “லீதியாளா?” என்றார்.

“நான்தான்!” என்று எழுந்து நின்றேன்.

இது உங்களுக்குப் புரியாது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேலை நின்றால், கதவு உடைந்தால், போலீஸ்காரன் கேட்கும் முதல் கேள்வி, ‘தூண்டிவிட்டது யாரு?’ செய்தவன் எவனாக இருந்தாலும் தலைவன் எழுந்து ‘நான்’ என்று சொல்லிவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் அந்த ஒரு நொடியில் எல்லோரும் எவனைப் பார்க்கிறார்களோ அவன் தொலைந்தான். வயதாகிவிட்டது, கூட்டம் போய்விட்டது, கால் மட்டும் இன்னும் அந்தக் கேள்விக்குத் தானாக எழுந்து நிற்கிறது.

அதோடு லீதியாளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குத்தான் போகிறாள். ஞாயிறு அளம் நின்றதா என்று கேட்பீர்கள். ஒரு வாரம் நின்றது. அடுத்த வாரம் ‘விருப்பம் உள்ளவர்கள் வரலாம்’ என்றார்கள். விருப்பம்!

இந்த வாரம் சுகிர்தம் டீச்சர் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். நேற்று என் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்.

“அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு நீங்க சொல்லிக் கொடுக்கல. ஏன் கொடுத்தேன்னு சொன்னீங்க?”

“கொடுக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க சொல்லிக் கொடுத்திருந்தா அது இவ்வளவு சுருக்கமா இருந்திருக்காது.”

என்ன பேச்சு பார்த்தீர்களா? இந்த வாயை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார். லீதியாளும் இதே பாயில் தன்னிடம் படித்தவள்தான், தாமதமாகத்தான் வருவாள் என்றார். பிறகு ஒன்று சொன்னார்: “வகுப்ப நான் எடுக்கேன். நீங்க கூட வந்து உக்காருங்க. பிள்ளைக தேடும்.”

“துணை ஆசிரியராவா?” என்றேன். “சங்கத்துல துணைத் தலைவர் பதவி கொடுத்தப்பவே வேண்டாம்னு எழுந்து வந்தவன் நான்.”

“உங்க இஷ்டம்” என்று போய்விட்டார். இன்னும் ஒரு தரம் வற்புறுத்தியிருக்கலாம். பேச்சுவார்த்தை நடத்தத் தெரியாதவர்.

ஆகவே, ஐயரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியதைத்தான் சொல்ல வேண்டும், மாற்றினால் லீதியாள் மாட்டிக்கொள்வாள். பிள்ளைகளைத் தூண்டிவிட்ட ஆளிடம் வகுப்பைக் கொடுக்க எந்தத் திருமண்டலமும் சம்மதிக்காது. சரி. எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது. இருந்தது. பார்த்துக்கொள்ளலாம்.

அதோ, சத்தம் கேட்கிறதா? வந்துவிட்டார்கள். முன்னால் ஓடி வருகிறானே, அவன்தான் ஆசேர். பின்னால் ரூபின். அந்தப் பிள்ளை யார்? ஜெமிமாவா? இன்றைக்கு நேரத்துக்கே வந்திருக்கிறதே! தலை சீவாமல் வந்திருக்கிறது.

அம்மா, ஒன்று. ஜெமிமாவிடம் யார் சொல்லிக் கொடுத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அது உள்ளதைச் சொல்லிவிடும். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள். டீச்சர் எடுத்தாலும், நான் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் அவர்களுக்குப் பரவாயில்லையா என்று வேண்டுமானால் கேளுங்கள். கோரிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகவலுக்காக. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதில் சத்தியமாக நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் வெளியே மதில் பக்கம் நிற்கிறேன். அவர்கள் வேண்டும் என்றால் சன்னல் வழியாக ஒரு குரல் கொடுங்கள். டீச்சர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், அதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். வேறு ஏதோ அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போய்விடுங்கள், நான் புரிந்துகொள்வேன்.